இடைக்கால ஆண்டு ஒன்றின் உலக நிகழ்வுகளைத் தொகுப்பது எப்படி: 1258-ஐ வைத்து ஒரு செய்முறை

"1258-ல் உலகில் என்னென்ன நடந்தது?" என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்களில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அந்த ஆண்டில் வாழ்ந்தவர்களில் மிகச் சிலருக்கே அது 1258. பாக்தாதில் அது ஹிஜ்ரி 656. கான்ஸ்டான்டிநோபிளை இழந்து நைசியாவில் ஆண்ட பைசாந்தியக் கிரேக்கர்களுக்கு உலகம் படைக்கப்பட்டதிலிருந்து 6766-ம் ஆண்டு. ஸ்பெயினின் காஸ்டிலில் 1296. தமிழ்நாட்டில் காளயுக்தி. எல்லா ஆண்டுகளும் ஒரே நாளில் பிறந்திருந்தால் கூட்டிக் கழித்து முடித்துவிடலாம். அப்படிப் பிறக்கவில்லை. பிழைகளில் பெரும்பாலானவை ஜனவரி முதல் மார்ச் வரையிலும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலும்தான் விழுகின்றன. ஆகவே முதலில் நாளைப் பிடியுங்கள். ஆண்டு தானாக வந்து சேரும்.

கீழே உள்ள முறை எந்த இடைக்கால ஆண்டுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டு முழுக்க 1258. மங்கோலியரிடம் பாக்தாத் வீழ்ந்த ஆண்டு என்பது ஒரு காரணம். உலகின் பல மூலைகளிலிருந்து நாள் குறித்த பதிவுகள் கிடைப்பது இன்னொரு காரணம். முதல்முறை செய்பவர்கள் 12 அல்லது 13-ம் நூற்றாண்டிலிருந்து ஆண்டைத் தேர்ந்தால் கை பழகும். 7, 8-ம் நூற்றாண்டுகளில் பதிவுகள் மெலிந்துவிடும். எடுத்த எடுப்பில் அங்கே போக வேண்டாம்.

எல்லையை முதலில் கட்டுங்கள்

"1258" என்றால், அன்று ஐரோப்பாவில் வழங்கிய ஜூலியன் நாள்காட்டியில் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. இதைத் தாளின் தலையில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றாதீர்கள். இன்றைய கிரிகோரியன் நாள்காட்டி 1582-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய தேதிகளை வரலாற்று நூல்கள் ஜூலியனிலேயே சொல்கின்றன. 13-ம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே 7 நாள் வித்தியாசம்.

கணினி இங்கேதான் காலை வாரும். நிரலிகளும் இணைய மாற்றிகளும் பல நேரங்களில் கிரிகோரியன் கணக்கைப் பின்னோக்கி நீட்டி விடை தருகின்றன. பாக்தாத் சரணடைந்த நாள் பிப்ரவரி 10. உங்கள் கருவி பிப்ரவரி 17 என்று காட்டினால் அது கிரிகோரியனில் பேசுகிறது என்று பொருள். எந்தக் கருவியையும் நன்கு தெரிந்த ஒரு தேதியைக் கொடுத்துச் சோதித்த பிறகே நம்புங்கள். எக்ஸெல்லில் தொகுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1900-க்கு முந்தைய எதையும் அது தேதியாக ஏற்காது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் வெறும் எண்ணாக இடுங்கள், வரிசைப்படுத்துவது எளிதாகும்.

மாற்று அட்டவணை: ஒரே பக்கம்

நிகழ்வுகளைத் தேடும் முன் அந்த ஆண்டுக்கான மாற்று அட்டவணையைத் தயார் செய்யுங்கள். இதற்கு அரை நாள் ஆகும். இதைத் தவிர்த்துவிட்டு வேலையில் இறங்கினால் பிறகு ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை திருத்த வேண்டியிருக்கும். 1258-க்கு அந்தப் பக்கம் இப்படி அமையும்.

ஹிஜ்ரி: 656-ம் ஆண்டு முஹர்ரம் 1 என்பது 1258 ஜனவரி 8. அடுத்த முஹர்ரம் அதே டிசம்பரின் கடைசி நாட்களில் பிறந்துவிடுகிறது. அதாவது 656 கிட்டத்தட்ட முழுசாக 1258-க்குள் அடங்குகிறது. இப்படி வாய்ப்பது அரிது. பெரும்பாலான ஹிஜ்ரி ஆண்டுகள் இரண்டு ஜூலியன் ஆண்டுகளில் கால் வைத்து நிற்கும். மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் தெரிந்தால் 1243/44 என்பதுபோல் சாய்கோடு போட்டு எழுதுவதே நேர்மை. தோராயக் கணக்கு வேண்டுமானால் ஹிஜ்ரி ஆண்டை 0.970224-ஆல் பெருக்கி 621.577 கூட்டுங்கள். 656-க்கு 1258.044 வரும். பின்னத்தை 365-ஆல் பெருக்கினால் கிரிகோரியன் ஜனவரி நடுப்பகுதி. 7 நாள் கழித்தால் ஜனவரி 9, 10. உண்மையில் 8. ஓரிரு நாள் பிசகும் என்பதால் இதைப் பூர்வாங்க மதிப்பீடாக மட்டும் கொள்ளுங்கள்.

மாதங்கள் 30, 29 என்று மாறி மாறி வரும். முஹர்ரம் 30 நாள் என்று கொண்டால் ஸஃபர் 1 என்பது பிப்ரவரி 7. ஸஃபர் 4 என்பது பிப்ரவரி 10. பிறை கண்டு மாதம் தொடங்கியதால் ஊருக்கு ஊர் ஒரு நாள் முன்பின் ஆகலாம். இன்னொன்று: இஸ்லாமிய நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. "ஸஃபர் 5-ம் இரவு" என்று ஒரு நூல் சொன்னால் அது நம் கணக்கில் பிப்ரவரி 10 மாலை.

பைசாந்தியம்: உலகத் தோற்ற ஆண்டு செப்டம்பர் 1-ல் பிறக்கும். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 5508 கழிக்க வேண்டும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509. ஆக 1258-ன் முதல் எட்டு மாதங்கள் 6766, கடைசி நான்கு மாதங்கள் 6767. எப்போதும் 5508-ஐயே கழிப்பவர்களுக்கு இலையுதிர்கால நிகழ்வுகள் எல்லாம் ஒரு வருடம் தள்ளிப் போகும். நைசியா மன்னர் இரண்டாம் தியோடோர் இறந்தது ஆகஸ்டில். அவர் மகனுக்குக் காப்பாளராக இருந்த முசாலோன் சில நாட்களிலேயே கொல்லப்பட்டார். பிறகு எட்டாம் மிகயேல் ஆட்சியைக் கைப்பற்றிய படிகள் செப்டம்பருக்குப் பின். கதை ஒன்றுதான், ஆண்டு எண் இரண்டு. கிரேக்க ஆவணங்களில் 15 ஆண்டுச் சுழற்சி எண்ணும் சேர்ந்து வரும். உலகத் தோற்ற ஆண்டை 15-ஆல் வகுத்தால் மிச்சம் எதுவோ அதுவே அந்த எண். 6766-க்கு மிச்சம் 1. இரண்டும் பொருந்தாவிட்டால் படியெடுத்தவர் எங்கோ தவறியிருக்கிறார்.

மேற்கு ஐரோப்பா: தலைவலி இங்கேதான். எல்லோரும் "1258" என்றே எழுதினார்கள். ஆனால் ஒரே 1258 அல்ல. இங்கிலாந்திலும் புளோரன்சிலும் ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கியது. நம் 1258 பிப்ரவரி அவர்களுக்கு 1257. பிசா நகரும் மார்ச் 25-ஐத்தான் வைத்துக்கொண்டது, ஆனால் ஓராண்டு முந்தி: நம் 1258 ஏப்ரல் பிசாவில் 1259. வெனிஸில் மார்ச் 1. ஜெர்மன் நிலங்களில் பெரும்பாலும் டிசம்பர் 25. அங்கே 1257-ன் கடைசி ஏழு நாட்கள் 1258-ஆகப் பதிவாகும்.

பிரெஞ்சு அரசவை இவை அனைத்தையும் மிஞ்சியது. அங்கே ஆண்டு ஈஸ்டர் அன்று தொடங்கியது. ஈஸ்டரோ ஆண்டுதோறும் நகரும். 1258-ல் ஈஸ்டர் மார்ச் 24. 1259-ல் ஏப்ரல் 13. ஆகவே பிரெஞ்சு 1258 என்பது மார்ச் 24 முதல் அடுத்த ஏப்ரல் 12 வரை. அந்த ஓராண்டுக்குள் மார்ச் 24 முதல் ஏப்ரல் 12 வரையிலான நாட்கள் இரண்டு முறை வருகின்றன! "1258 ஏப்ரல் 5" என்று மட்டும் ஒரு பிரெஞ்சு ஆவணம் சொன்னால் எந்த ஏப்ரல் என்று கிழமையோ, ஈஸ்டருக்கு முன்னா பின்னா என்ற குறிப்போ இல்லாமல் தீர்மானிக்க முடியாது. ஒன்பதாம் லூயியும் அரகோன் மன்னர் முதலாம் ஜெய்மேயும் கோர்பெய் உடன்படிக்கை செய்தது மே 11-ல். அதனால் அதில் சிக்கல் இல்லை. மே முதல் ஆகஸ்ட் வரை நடந்தவற்றைப் பிசாவைத் தவிர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

காஸ்டில், போர்ச்சுகல்: அங்கே வழங்கிய ஸ்பானிய சகாப்தத்தில் 38 கழிக்க வேண்டும். 1296 என்று எழுதியிருந்தால் அது 1258. இதை மறந்த பட்டியல்களில் நிகழ்வுகள் ஒரு தலைமுறை தள்ளி உட்கார்ந்திருக்கும்.

ஆர்மீனியா: 551 கூட்டுங்கள். 707-ம் ஆண்டு 1258 ஜனவரி நடுவில் தொடங்கியது. மிகுநாள் இல்லாத 365 நாள் ஆண்டு என்பதால் இந்தத் தொடக்கம் நான்காண்டுக்கு ஒரு நாள் பின்வாங்கிக்கொண்டே வரும். வேறு ஆண்டுக்கு இதே தேதியைப் போட்டுவிடாதீர்கள்.

சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம்: ஆண்டு சந்திர மாதப்படி, 1258-க்கான புத்தாண்டு பிப்ரவரி முதல் வாரத்தில். சீனாவின் தென் சோங் அரசில் பாவ்யூ என்ற ஆட்சிக்காலப் பெயரின் 6-ம் ஆண்டு, ஜப்பானில் அதுபோல ஷோகா 2, கொரியாவின் கோரியோ அரசில் கோஜோங் மன்னரின் 45. 60 ஆண்டுச் சுழற்சியில் 55-வது, குதிரை ஆண்டு. ஜனவரியில் நடந்தது எதுவும் அங்கே முந்தைய ஆண்டின் 12-ம் மாதத்தில் இருக்கும்.

இந்தியா: சக ஆண்டு 1180. இதில் "சென்ற", "செல்லாநின்ற" என்று இரண்டு வகை உண்டு. சென்ற ஆண்டு என்றால் 78 கூட்டி 1258. நடப்பு ஆண்டு என்றால் 77 கூட்டி 1257. கல்வெட்டில் சொல் தெளிவாக இருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் திதி, நட்சத்திரம், கிழமை மூன்றும் ஒத்துவருகிற ஆண்டையே எடுக்க வேண்டும். கலி ஆண்டு 4359. சூரியன் மேஷத்தில் நுழைவது அன்று மார்ச் கடைசி வாரத்தில். ஏப்ரல் 14 என்ற இன்றைய தேதியை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை பிங்கள, பிறகு காளயுக்தி.

தமிழ்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் சக ஆண்டைச் சொல்வதில்லை. மன்னனின் ஆட்சியாண்டையே சொல்லும். முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251-ல் ஆட்சிக்கு வந்தவர் என்பதால் அவருடைய 7, 8-ம் ஆண்டுகள் 1258-ஐத் தொடும். பாண்டியர் கல்வெட்டுகளில் "2-வதின் எதிர் 6-வது" என்பதுபோல் வந்தால் இரண்டையும் கூட்டுங்கள்: 8-ம் ஆண்டு. எதிருக்கு முன்னிருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆறு வருடம் காணாமல் போகும். சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்ற பெயரில் ஒருவருக்கு மேல் ஆண்டிருக்கிறார்கள் என்பதால் கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியைப் படிக்காமல் ஆள் யாரென்று முடிவு செய்யாதீர்கள்.

கிழமைதான் உரைகல்

ஆண்டும் மாதமும் ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு மாதிரி. வாரத்தின் ஏழு நாட்கள் மட்டும் எங்கும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூலத்தில் கிழமை இருந்தால் அதைத் தங்கம்போல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூலியன் தேதிக்குக் கிழமை காண ஒரு குறுக்குவழி உண்டு. ஜூலியன் நாள்காட்டி 28 ஆண்டுக்கு ஒருமுறை கிழமை மாறாமல் திரும்ப வரும். உங்கள் ஆண்டோடு 28-ன் மடங்கு ஏதேனும் ஒன்றைக் கூட்டி 1901-க்கும் 2099-க்கும் இடையே கொண்டுவாருங்கள். பிறகு தேதியோடு 13 நாள் கூட்டுங்கள். இப்போது இன்றைய நாள்காட்டியில் கிழமையைப் பார்த்தால் போதும்.

1258 பிப்ரவரி 10: 700 கூட்டினால் 1958. 13 நாள் கூட்டினால் பிப்ரவரி 23. 1958 பிப்ரவரி 23 ஞாயிறு. பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன், கலீஃபா வெளியே வந்து சரணடைந்ததை ஸஃபர் 4, ஞாயிறு என்றே பதிந்திருக்கிறார். பொருந்துகிறது. வேறு நூற்றாண்டிலும் சோதித்துக்கொள்ளலாம்: ஹேஸ்டிங்ஸ் போர் 1066 அக்டோபர் 14. 840 கூட்டினால் 1906; 13 நாள் கூட்டினால் அக்டோபர் 27; அது சனி. போர் நடந்ததும் சனிக்கிழமைதான்.

கிழமை ஒரு நாள் மட்டும் பிசகினால் பிறை கண்டதில் வந்த வேறுபாடு என்று கொண்டு கிழமையின் பக்கம் சாயலாம். இரண்டு நாளுக்கு மேல் பிசகினால் மாதமோ ஆண்டோ தவறு. அந்தப் பதிவை ஓரம் வைத்துவிட்டு மூலத்துக்குத் திரும்புங்கள்.

தேடும் வட்டம் ஆண்டை விடப் பெரிதாக இருக்கட்டும்

1258-ஐத் தொகுக்க 1257-ம் 1259-ம் எனப் பதிவானவற்றையும் துழாவ வேண்டும். எவ்வளவு தூரம்? பிசாவைத் தவிர்த்த ஐரோப்பாவுக்கு இரண்டு பக்கமும் நான்கு மாதம் போதும். சக ஆண்டு, ஆட்சியாண்டு உள்ள இடங்களில் ஒரு முழு ஆண்டு.

இதற்குப் பலன் உண்டு என்பதை வியட்நாம் காட்டுகிறது. மங்கோலியத் தளபதி உரியாங்கதாய் தாய் வியத் நாட்டின் தலைநகர் தாங் லாங்கைப் பிடித்தார். இன்றைய ஹனோய் அது. சில நாட்களிலேயே மன்னர் த்ரான் தாய் தோங்கின் படை தோங் போ தௌ என்ற இடத்தில் திருப்பித் தாக்கி அவரை விரட்டியது. வியட்நாமிய வரலாறு இதை நுயென் ஃபோங் என்ற ஆட்சிக்காலப் பெயரின் 7-ம் ஆண்டு, 12-ம் மாதம் 24 என்று குறிக்கிறது. அந்த ஆண்டின் பெரும்பகுதி 1257 என்பதால் "1257" என்று போட்டுவிட்டு நகர்பவர்கள் அநேகர். 12-ம் மாதம் ஜனவரியில் விழுகிறது என்பதைக் கவனித்தால் விடை 1258 ஜனவரி 29.

இப்போது பாக்தாதுக்கு வாருங்கள். மங்கோலிய இளவரசர் ஹூலாகுவின் படை நகரத்தை முற்றுகையிட்டுத் தாக்கத் தொடங்கியது முஹர்ரம் 22, செவ்வாய். முஹர்ரம் 1 ஜனவரி 8 என்றால் 22 என்பது ஜனவரி 29. ஒரே செவ்வாய்க்கிழமை. ஆசியாவின் ஒரு பக்கம் மங்கோலியர் ஒரு தலைநகரின் மதிலைத் தாக்கத் தொடங்குகிறார்கள். இன்னொரு பக்கம் ஒரு தலைநகரிலிருந்து துரத்தப்படுகிறார்கள். மூல நூல்களில் இந்த இரண்டும் இரண்டு வேறு ஆண்டு எண்களின் கீழ் கிடக்கின்றன. ஓராண்டுத் தொகுப்பு என்ற வேலைக்கே அர்த்தம் தருவது இதுபோன்ற சந்திப்புகள்தான்.

ஒரு நிகழ்வுக்கு ஒரு அட்டை

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஆறு விவரங்கள் வேண்டும்: மூலத்தில் உள்ள தேதி அப்படியே, அது எந்தக் கணக்கு, ஜூலியன் தேதி, துல்லியம், யார் எவ்வளவு காலம் கழித்து எழுதியது, முரணான தகவல். முதல் விவரத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். மாற்றிய தேதியை மட்டும் வைத்துக்கொண்டவர்களால் ஆறு மாதம் கழித்துத் தங்கள் பிழையையே கண்டுபிடிக்க முடியாது.

துல்லியத்துக்கு ஐந்து படி போதும்: நாள், மாதம், பருவம், ஆண்டு, "இரண்டு ஆண்டில் ஒன்று". கடைசிப் படிக்குக் கூச்சப்பட வேண்டாம்.

ஆட்சியாண்டு வரும் அட்டைகளில் அந்த ஆட்சியாண்டின் தொடக்க நாளையும் எழுதி வையுங்கள். இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி முடிசூடியது 1216 அக்டோபர் 28. எனவே 42-ம் ஆட்சியாண்டு 1257 அக்டோபர் 28 முதல் 1258 அக்டோபர் 27 வரை. ஆக்ஸ்போர்டில் ஜூன் மாதம் பிரபுக்கள் மன்னரைக் கட்டுப்படுத்திய விதிகளை உறுதிசெய்த அரச பிரகடனம், லத்தீனும் பிரெஞ்சும் கோலோச்சிய காலத்தில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதில் உள்ள தேதி "நம் முடிசூட்டின் நாற்பத்திரண்டாம் ஆண்டு, அக்டோபர் பதினெட்டாம் நாள்". இன்னும் பத்து நாள் கழிந்திருந்தால் அது 43-ம் ஆண்டாகியிருக்கும். "42-ம் ஆண்டு" என்பதை 1216-ல் கூட்டி 1258 என்று சொன்னாலும் இங்கே விடை சரியாக வந்துவிடுகிறது; ஆனால் அது தற்செயல். அதே 42-ம் ஆண்டின் நவம்பர் மாதத்துக்கு அப்படிச் செய்தால் பிழை.

எழுதியவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது தேதியைவிட முக்கியம். புனித ஆல்பன் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் நிகழ்வுகள் நடக்க நடக்க எழுதியவர்; 1259-ல் இறந்தார். ரஷீதுத்தீன் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, ஹூலாகுவின் வாரிசுகளுக்கு அமைச்சராக இருந்து எழுதினார். கோரியோவின் அதிகாரபூர்வ வரலாறும் தாய் வியத்தின் முழு வரலாறும் 15-ம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டவை. ஆனால் இரண்டும் பழைய அரசவைக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு செய்தவை என்பதால் நாள்கள் நம்பத்தக்கவை. பிந்தையது என்பதாலேயே ஒன்றைத் தள்ளிவிட முடியாது. கையில் என்ன வைத்துக்கொண்டு எழுதினார் என்று கேளுங்கள்.

எண்ணிக்கைகளும் அழகான கதைகளும்

பாக்தாதில் இறந்தவர்கள் எத்தனை பேர்? ஹூலாகுவே 1262-ல் பிரான்ஸ் மன்னர் லூயிக்கு அனுப்பிய கடிதம் 2 லட்சத்துக்கு மேல் என்கிறது. பிற்காலத்தவர்கள் 8 லட்சம் என்றும் அதற்கு மேலும் போனார்கள். காலம் தள்ளத் தள்ள எண் ஊதும் என்பது ஏறக்குறைய விதி. சராசரி எடுக்காதீர்கள், அதைவிட மோசமான வழி இல்லை. யார், எப்போது, எவ்வளவு சொன்னார் என்று பெயரோடு எழுதுங்கள். ஹூலாகுவின் எண்ணும் ஒரு வெற்றியாளனின் பெருமை பேசும் எண்தான்.

கலீஃபா முஸ்தஃஸிம் பிப்ரவரி 20-ல் கொல்லப்பட்டார். இது உறுதி. கம்பளத்தில் சுற்றிக் குதிரைகளால் மிதிக்கச் செய்தார்கள் என்பது ஒரு கதை. தன் பொற்குவியலோடு ஒரு கோபுரத்தில் அடைபட்டுப் பட்டினியால் மடிந்தார் என்பது ஐரோப்பாவில் பரவிய கதை. அட்டையில் நாளுக்கு ஒரு துல்லியம், முறைக்கு வேறொரு துல்லியம் என்று பிரித்துப் போடுங்கள்.

பிறந்தநாள்களிடம் எச்சரிக்கை. மன்னர் வீட்டுக் குழந்தைகளைத் தவிரப் பெரும்பாலோர் பிறந்ததை அன்று யாரும் குறித்து வைக்கவில்லை. பிறகு பெரிய ஆளான பின்தான் பிறந்த ஆண்டு தேடப்பட்டது. உஸ்மானிய வம்சத்தைத் தொடங்கிய உஸ்மான் 1258-ல் பிறந்தார் என்று பல பட்டியல்களில் பார்க்கலாம். சில நாளைக்கூடக் கொடுக்கும். அவர் பிறப்புக்குச் சமகாலச் சான்று எதுவும் கிடையாது. ஒரு கலீஃபா மறைந்த அதே ஆண்டில் இன்னொரு பேரரசின் முதல்வர் பிறந்தார் என்பது கேட்க இனிக்கிறது. இனிப்பே சந்தேகத்துக்குக் காரணம். இறந்த நாள்களை அதிகம் நம்பலாம். நினைவுத் திருப்பலி, கல்லறை எழுத்து, வாரிசு பட்டமேற்ற ஆவணம் என்று அவற்றுக்குச் சாட்சிகள் இருக்கும்.

இயற்கையின் தேதி

இடைக்கால ஆண்டில் எரிமலை, வால்மீன், பஞ்சம் ஆகியவற்றை விட்டுவிட்டு மன்னர்களை மட்டும் எழுதுவது பாதி வேலை. ஆனால் இவற்றுக்குத் தேதி வேறு வழியில் வருகிறது. துருவப் பனிப்படிவங்களில் 1258-ஐ ஒட்டிய அடுக்கில் மிகப் பெரிய கந்தகப் படிவு இருப்பது முன்பே தெரிந்திருந்தது. எந்த எரிமலை என்று பல ஆண்டு தெரியாமல் இருந்து, 2013-ல்தான் இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலுள்ள சமலாஸ் என்று அடையாளம் கண்டார்கள். வெடித்தது 1257-ல். பழைய கட்டுரைகளில் "1258 வெடிப்பு" என்று இருப்பதன் காரணம் இதுதான்: பனி அடுக்கில் பதிவது கந்தகம் வந்து விழுந்த ஆண்டு, அதை எண்ணுவதிலும் ஓரிரு ஆண்டு பிசகும்.

அப்படியானால் 1258 பட்டியலில் சமலாஸ் வருமா? வெடிப்பு வராது; விளைவு வரும். அந்த ஆண்டு ஐரோப்பாவில் குளிரும் மழையும், இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம். ஜப்பானில் ஷோகா பஞ்சம். எரிமலையையும் பஞ்சத்தையும் ஒரே வாக்கியத்தில் "ஆகவே" போட்டு இணைக்கும் முன் நிதானியுங்கள். இங்கிலாந்தில் 1257 விளைச்சலே மோசம். வெடிப்பின் தாக்கம் அதன்மேல் வந்து ஏறியது. "சேர்ந்து" என்ற சொல் இங்கே "ஆகவே" என்பதைவிட உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எதை வைப்பது, எதை விடுவது

தேடி முடிக்கும்போது எழுபது எண்பது அட்டைகள் சேரலாம். இருபது, இருபத்தைந்துக்கு மேல் வைத்தால் படிப்பவர் தொலைந்துவிடுவார். வழக்கமாக நேரும் கோளாறு ஐரோப்பா மட்டும் வீங்கிப்போவது. ஆவணங்கள் அதிகம் பிழைத்த இடம் அது என்பதால் ஆயர் மாறியது, மணம் பேசியது எல்லாம் வந்து குவியும். ஒரு கேள்வி வடிகட்டும்: இந்த நிகழ்வு நடந்த ஊருக்கு வெளியே, பத்தாண்டு கழித்து, யாருக்காவது எதையாவது மாற்றியதா?

அந்தக் கேள்விக்கு நிற்பவை 1258-ல் இவை: பாக்தாத் வீழ்ச்சி, தாய் வியத் தப்பியது, கோரியோவில் சோ குடும்பத்தின் கடைசி சர்வாதிகாரி சோ உய் கொல்லப்பட்டது, அதனால் மங்கோலியரோடு சமாதானத்துக்கு வழி திறந்தது, பெருங்கான் மோங்கே சிச்சுவான் மீது படையெடுத்தது (அடுத்த ஆண்டு அவர் அங்கேயே இறந்தார்), ஆக்ஸ்போர்டு விதிகள், கோர்பெய் உடன்படிக்கை, ஆகஸ்ட் 10-ல் பலெர்மோவில் மான்ஃபிரெட் சிசிலியின் மன்னராக முடிசூடியது, ஜூன் இறுதியில் பாலஸ்தீனக் கரையின் ஆக்கர் துறைமுகத்துக்கு வெளியே வெனிஸ் கப்பற்படை ஜெனோவாவை முறியடித்தது, நைசியாவின் வாரிசுச் சண்டை. கடைசி மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை. தோற்ற ஜெனோவா மூன்றாண்டு கழித்து மிகயேலுடன் கூட்டுச் சேர்ந்தது. மான்ஃபிரெடோ 1259-ல் அதே மிகயேலுக்கு எதிரணியில் படை அனுப்பினார். அடுக்கும்போது தேதி வரிசையை முதன்மையாக்கி, இத்தகைய இழைகளை ஒரு வரிக் குறிப்பால் காட்டுங்கள். நாடு வாரியாக அடுக்கினால் ஜனவரி 29 போன்ற சந்திப்புகள் கண்ணுக்கே தெரியாது.

இலக்கியத்துக்கும் இடம் உண்டு. ஷிராஸின் பாரசீகக் கவிஞர் சஅதி தம் குலிஸ்தானை முடித்த ஆண்டை நூலுக்குள்ளேயே 656 என்று சொல்லிவிட்டார். 656 ஏறக்குறைய முழுக்க 1258-க்குள் அடங்குவதால் மாதம் தெரியாமலேயே ஆண்டை உறுதியாகப் போடலாம். மாற்று அட்டவணையை முதலில் செய்ததற்குக் கிடைக்கும் சின்னப் பரிசு அது.

பதிவில்லாத நிலங்கள்

அமெரிக்கக் கண்டங்களுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கும் 1258 என்று ஆண்டு குறித்த எழுத்துப் பதிவு கிடையாது. மாயர்கள் நீண்ட கணக்கில் தேதி வெட்டுவதை 10-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இந்த வெற்றிடத்தை "13-ம் நூற்றாண்டு வாக்கில்" நடந்த ஏதோ ஒன்றால் நிரப்பி, உலகம் முழுக்கச் சமமாகப் பிரித்ததுபோல் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். கரிமக் காலக்கணிப்பு தரும் விடை பல பத்தாண்டுகள் அகலமானது; அதை ஓராண்டுக்குள் திணிப்பது பொய்.

மாற்று வழி: பட்டியலுக்கு வெளியே "அந்த நாட்களில்" என்று ஒரு தனிப் பத்தி வையுங்கள். நியூசிலாந்தில் பாலினேசியர் குடியேறிய காலம், கிரேட் ஜிம்பாப்வேயின் கற்சுவர்கள் எழுந்த காலம் போன்றவை அங்கே போகட்டும். தேதிக் கட்டத்தில் எண் எதுவும் இட வேண்டாம்.

வெளியிடும் முன்

ஜனவரி முதல் மார்ச் வரை விழும் ஒவ்வொரு அட்டையையும் இன்னொரு முறை எடுத்து, மூலத்தின் ஆண்டு எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பிறகு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை விழும் கிரேக்க அட்டைகள். அடுத்து ஏழு நாள் தள்ளி நிற்கும் இரட்டைப் பதிவுகளைத் தேடுங்கள்; ஒரே நிகழ்வு ஜூலியனில் ஒருமுறையும் கிரிகோரியனில் ஒருமுறையும் நுழைந்திருக்கும். சரியாக ஓராண்டு, சரியாக 38 ஆண்டு இடைவெளியில் வரும் இரட்டைகளும் அப்படியே. கிழமை உள்ள எல்லாவற்றையும் 28-ன் மடங்கு வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இடப்பெயர்களில் அன்றைய பெயரை முன்னும் இன்றைய பெயரை ஒருமுறை மட்டும் பின்னும் கொடுங்கள்: தாய் வியத், இன்றைய வடக்கு வியட்நாம். 1258-ல் "துருக்கி நாடு", "இத்தாலி அரசு" என்று எழுதினால் தேதி சரியாக இருந்தும் ஆண்டு தவறாகிவிடும். கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தனிக் கவனம் வேண்டும்: அந்த ஆண்டில் நகரம் லத்தீன்காரர்கள், அதாவது மேற்கு ஐரோப்பியச் சிலுவைப் போராளிகளின் வழிவந்தவர்கள் கையில். கிரேக்கப் பேரரசர் இருந்தது நைசியாவில். மிகயேலின் ஆட்கள் நகரை மீட்டது 1261-ல். அது வேறொரு தாள்.